உண்ணிக்கு ஒன்று, ஈக்கு வேறு: மாட்டுக்கு எந்த மூலிகை விரட்டி?

மாட்டின் மேல் தடவும் மூலிகை மருந்துகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். வேப்பெண்ணெய் இருக்கும்போது ரசாயனம் எதற்கு என்பார் ஒருவர். அதைத் தடவினால் கை நாறும், உண்ணி அசையக்கூட அசையாது என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். முதலாமவரின் மாட்டில் ஈ மொய்த்திருக்கும், இரண்டாமவரின் மாட்டில் உண்ணி ஏறியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் எந்த எண்ணெய் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், தொல்லை கொடுப்பது எந்த உயிர், அது மாட்டின் மேல் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

கால்களில் கடிக்கும் ஈ ஒரு வகை. சில நிமிடங்களில் இரத்தத்தைக் குடித்துவிட்டுச் சுவரிலோ வேலியிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். மாடு ஓயாமல் காலை உதறிக்கொண்டே இருந்தால் இதுதான் என்று சந்தேகப்படலாம். சாணமும் மூத்திரமும் ஊறி மக்கிய வைக்கோலில் முட்டையிடுவது இதன் வழக்கம். கொம்பு ஈ என்பது வேறு வகை. முதுகிலும் திமில் பக்கத்திலும் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும், முட்டையிட மட்டும் இறங்கி, அப்போதுதான் போட்ட சாணத்துக்குப் போய்த் திரும்பும். இவை போக இருட்டியதும் வருகிற கொசுவும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத, கடிக்கும் பொடி ஈக்களும் உண்டு. இவை எல்லாமே பறந்து வந்து தோலில் இறங்கி, கடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற உயிர்கள். அந்த இடத்தில்தான் வாசனைக்கு வேலை இருக்கிறது.

உண்ணியின் கதை வேறு. மாடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் நீல உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து இரத்தம் குடித்து ஊதிக் கீழே விழும் வரை ஒரே மாட்டில் ஏறத்தாழ மூன்று வாரம் குடியிருக்கும். கடித்த இடத்தில் சிமெண்ட் மாதிரி ஒரு பசையைச் சுரந்து வாயைப் பதித்துக்கொள்கிறது. அப்படிப் பதிந்த பிறகு எந்த வாசனையும் அதைக் கிளப்பாது. விழுந்த பெண் உண்ணி மண்ணிலோ தரை விரிசலிலோ 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இடும், சில நேரம் அதற்கும் மேல். பொரித்த குஞ்சுகள் மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கக் கூடியவை. ஒரே மாட்டில் தங்காமல் இடையில் இறங்கிச் சுவர் வெடிப்பில் ஒளிந்துகொள்ளும் உண்ணி இனங்களும் உண்டு. மாட்டுக்குக் காய்ச்சலும் நெறிக்கட்டும் வரவழைக்கும் தைலீரியா நோயைப் பரப்பும் ஹயலோமா உண்ணி அந்த வகை. ஆக, உண்ணியைப் பொறுத்தவரை விரட்டுவது என்ற பேச்சே அரைகுறைதான். குஞ்சு ஏறாமல் தடுப்பது, ஏறியது தோலுரித்து வளராமல் செய்வது, விழுந்தது முட்டையிடாமல் அல்லது இட்ட முட்டை பொரிக்காமல் செய்வது, இதில் ஏதாவது ஒன்று நடந்தால்தான் பயன்.

பேன் வாழ்நாள் முழுவதும் மாட்டின் மேலேயே இருக்கும், முட்டையை முடியில் ஒட்டி வைக்கும். எண்ணெய் நேரடியாகப் பட்டால் பேன் சாகும், முட்டை பிழைத்துக்கொள்ளும். சுமார் 14 நாள் கழித்து இரண்டாம் முறை தடவாவிட்டால் முதல் முறை தடவியது வீண். தோலுக்குள் துளைத்துப் போகும் சொறிப் பூச்சிக்கு மேலே தடவும் மூலிகையை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்து, மருத்துவர் தரும் மருந்தைப் போடுவதுதான் சரி.

வேம்பும் புங்கமும்

வேம்பின் வீரியமான பொருள் அசாடிராக்டின். அது பூச்சியை உடனே அடித்துப் போடாது. பூச்சி தோலுரித்து வளர்வதைக் குலைக்கும், கடிக்கிற ஆசையைக் குறைக்கும், முட்டையிடும் திறனை வாங்கும். தடவிய மறுநாள் உண்ணி அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வேப்பெண்ணெயைத் திட்டுபவர்கள், அது செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள். பலன் தெரிவது அடுத்த தலைமுறை உண்ணியில். அதாவது சில வாரங்கள் விடாமல் செய்தால்தான்.

அசாடிராக்டின் பெரும்பகுதி கொட்டைப் பருப்பில்தான் இருக்கிறது, இலையில் மிகக் குறைவு. வேப்பிலையைக் கொதிக்க வைத்த தண்ணீரில் மாட்டைக் குளிப்பாட்டுவதும் செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெயைத் தடவுவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி ஒப்பிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். சூடு, வெயில், நாள்பட்ட சேமிப்பு மூன்றும் இந்தப் பொருளைச் சிதைக்கும். வருடக் கணக்கில் வெயில் படும் இடத்தில் கிடந்த பாட்டிலில் வாசனை மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

தெளிப்பதற்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் போதும். எண்ணெய் தண்ணீரோடு கலக்க சோப்புக் கரைசல் வேண்டும், அதையும் கொஞ்சமாக. சோப்பின் காரத்தன்மை அசாடிராக்டினைச் சீக்கிரம் உடைத்துவிடும் என்பதால், கலக்கியதை அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைப்பதில் பயனில்லை.

புங்க எண்ணெயில் இருக்கும் கராஞ்சின் தனியாகப் பெரிய சாதனை செய்வதில்லை. ஆனால் வேப்பெண்ணெயோடு பாதிக்குப் பாதி சேர்த்தால் நன்றாகத் துணைபோகும், பிசுபிசுப்பால் முடியில் கொஞ்சம் அதிக நேரம் தங்கவும் செய்யும். காதுக்குள், அலைதாடி, கவட்டை, வாலடி என்று உண்ணி கூட்டமாக உட்காரும் இடங்களில் இந்தக் கலவையைத் துணியில் தொட்டுத் தேய்ப்பது, உடம்பு முழுக்கத் தெளிப்பதைவிட நல்லது. கடும் வெயில் காலத்தில் உடம்பு முழுக்கக் கெட்டி எண்ணெய் பூசினால் மாட்டுக்குச் சூடு தணிவதே சிரமம். புழுதி வேறு அப்பிக்கொள்ளும்.

மணக்கும் எண்ணெய்கள்

எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா, யூகலிப்டஸ் போன்றவற்றின் எண்ணெய்கள் ஈக்கும் கொசுக்கும் உண்மையிலேயே பிடிக்காதவை. பிரச்சினை நேரம். வாசனை காற்றில் போகப் போகக் காவலும் போய்விடும். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மனிதர்களின் கையில் கொசுவிரட்டிகளைத் தடவிப் பார்த்தார்கள். டீட் என்ற ரசாயன விரட்டி 24 சதவீத அளவில் சேர்ந்த தயாரிப்பு ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லா தயாரிப்புகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் சோயா எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஒரு பூச்சு ஒன்றரை மணி நேரம் நின்றது. மனிதக் கை வேறு, மாட்டுத் தோல் வேறு, கொசுவும் ஈயும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், மணக்கும் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளிப்பதைவிட, எளிதில் ஆவியாகாத ஏதாவது ஒரு சமையல் எண்ணெயில் கலந்து தடவினால் அதிக நேரம் நிற்கும் என்ற பாடம் மாட்டுக்கும் பொருந்தும்.

அளவு முக்கியம். நூறு பங்கு எண்ணெயில் ஐந்து பங்குக்கு மேல் மண எண்ணெய் வேண்டாம். நீர்க்காமல் நேரடியாகத் தடவினால் தோல் வெந்து உரியும். புதிதாக எதைத் தடவினாலும் முதலில் உள்ளங்கை அகல இடத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கண், மூக்கு, மடிக்காம்பு பக்கமே போகக் கூடாது. கறவைக்கு முன்னால் தடவவும் கூடாது, பால் வாசனையை எளிதில் பிடித்துக்கொள்ளும். கறந்து முடித்த பிறகு தடவி, அடுத்த முறை கறக்கும் முன் மடியைக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு செய்தி அடிக்கடி பாதியாகச் சொல்லப்படுகிறது. 2018-ல் அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிகள் தேங்காய் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களை மாவுப்பசையில் கலந்து மாடுகளில் பூசிப் பார்த்தார்கள். கால் கடிக்கும் ஈயை அது நான்கு நாள் வரை தள்ளி வைத்தது. இயற்கை விரட்டிகளில் இது அசாதாரணமான காலம். ஆனால் வேலை செய்தது பிரித்தெடுத்த லாரிக், காப்ரிக், காப்ரிலிக் அமிலங்கள்தானே தவிர, தேங்காய் எண்ணெய் அப்படியே அல்ல. அந்த அமிலங்கள் சேர்ந்த தயாரிப்பு கையில் கிடைத்தால் ஈத் தொல்லைக்கு என் முதல் தேர்வு அதுதான். வெறும் தேங்காய் எண்ணெய் மண எண்ணெய்களை நீர்க்க மட்டும் உதவும்.

அரைத்துத் தடவும் கலவை

உண்ணிக்கென்று இந்தியாவின் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் மரபு மருத்துவ முறையாகப் பரப்பிவரும் கலவை ஒன்று உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து வடிகட்டி, துணியில் நனைத்து உடம்பு முழுக்கத் தேய்க்க வேண்டும், கொட்டகை வெடிப்புகளிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒரு முறை, உண்ணி தீரும் வரை.

எனக்கு இதில் பிடித்தது பட்டியலில் உள்ள செடிகளைவிட, மாட்டையும் கொட்டகையையும் ஒரே வேலையாகச் சேர்த்திருப்பதும், வாராவாரம் செய்யச் சொல்வதும்தான். மாட்டில் மூன்று வாரம் வளரும் உண்ணியை வாரம் ஒரு முறை தொட்டால், குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று எல்லாப் பருவமும் ஏதோ ஒரு வாரத்தில் மாட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறை தடவுபவருக்கு நடுவில் ஒரு முழுத் தலைமுறை விழுந்து முட்டையிட்டுவிடும்.

குறைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பச்சையாக அரைக்க வேண்டும். செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறும், ஆகவே பக்கத்துத் தொழுவத்தில் கிடைத்த பலன் உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உண்ணிச்செடி இலையை மாடு தின்றால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடித்து உரியும். வடிகட்டாமல் சக்கையோடு பூசுவதும், அரைத்த சக்கையைத் தீவனத் தொட்டி அருகே கொட்டுவதும் ஆபத்து. வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளும் உள்ளே போவது நல்லதல்ல. மாடுகள் ஒன்றையொன்று நக்கும், கன்றை நக்காத தாய் கிடையாது. எனவே ஈரம் காயும் வரை தனியாகக் கட்டி வையுங்கள். சின்னக் கன்றுகளுக்கு இந்தக் கலவையைவிட நீர்த்த வேப்பெண்ணெயும் சீப்பும் போதும்.

ஐந்தாறு மாடு வரை வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகும். ஐம்பது மாட்டுக்கு வாரா வாரம் அரைத்துத் தேய்க்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை. அங்கே வேப்பெண்ணெய்த் தெளிப்புக்குப் போய்விடலாம்.

பைரெத்ரம்

செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரெத்ரம், செடிகளில் கிடைக்கும் பூச்சிக்கொல்லிகளில் மிக வேகமானது. ஈ பட்டதும் சுருண்டு விழும். வெயிலில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடுவதால் காலையில் தெளித்தது மாலை வரை நிற்காது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற ரசாயனப் பூச்சிமருந்துகள் எல்லாம் இதைப் பார்த்து ஆய்வகத்தில் செய்யப்பட்டவை, வெயில் தாங்கும்படி மாற்றப்பட்டவை. அதில்தான் சிக்கல். சைபர்மெத்ரினுக்குப் பழகி அசையாமல் இருக்கும் உண்ணி, பூவிலிருந்து வந்த பைரெத்ரத்துக்கும் பெரும்பாலும் அசையாது, இரண்டும் நரம்பில் தாக்குவது ஒரே இடத்தைத்தான். ரசாயனம் கேட்கவில்லை, அதனால் இயற்கைக்கு மாறுகிறேன் என்று பைரெத்ரத்துக்கு மாறுவதில் பொருளில்லை. மீனுக்குக் கடும் விஷம், பூனைக்கும் ஆகாது. குளத்தங்கரையில் வைத்துத் தெளிக்கவே கூடாது. கறக்கிற நேரத்தில் கொட்டகைக்குள் ஈயை உடனே அடக்க வேண்டும் என்றால் மட்டும் இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

வேண்டாம் என்று ஒதுக்கியவை

புகையிலைத் தண்ணீர் உண்ணியைக் கொல்லும், சந்தேகமில்லை. நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்பதால் மாட்டையும் கொல்லக் கூடும். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, மூச்சுத் திணறி விழுந்துவிடும். தேய்க்கிறவர் கையிலும் அதே விஷம்தான் ஏறுகிறது. எத்தனை இலைக்கு எவ்வளவு நிக்கோட்டின் என்று வீட்டில் அளக்க வழியே இல்லாதபோது இதைத் தொடாமல் இருப்பதே மேல்.

சீத்தாப்பழக் கொட்டைத் தூள் பேனுக்கு நன்றாகக் கேட்கும். கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கிவிடும், தலையைச் சிலுப்பும் ஒரு பிராணியின் மேல் அதைத் தடவும் துணிச்சல் எனக்கு இல்லை.

புகைமூட்டம் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. வேப்பிலை, நொச்சி மூட்டம் சாயங்காலக் கொசுவைக் குறைக்கும், புகை அடங்கியதும் கொசு திரும்பி வரும். மூடிய கொட்டகையில் மாட்டின் கண்ணும் நெஞ்சும்தான் எரியும், வைக்கோல் பக்கத்தில் இருந்தால் தீப் பயம் வேறு. உண்ணிக்கு இது ஒன்றும் செய்யாது. தீவனத்தில் பூண்டு சேர்ப்பதையும் பலர் கேட்கிறார்கள். பாலில் பூண்டு வாடை வந்தால் பால் வாங்குகிறவர் அடுத்த நாளே சொல்லிவிடுவார்.

சரி, எதை எடுப்பது?

தொல்லை ஈ மட்டும் என்றால் முதலில் மருந்தை எடுக்காதீர்கள். மக்கிய வைக்கோலையும் சாணக் குவியலையும் வாரத்துக்கு ஒரு முறையாவது அப்புறப்படுத்துங்கள், வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிப்பதால் அதற்குள் இடம் காலியாகிவிடும். அப்புறம் மிச்சம் இருக்கும் ஈக்கு எண்ணெயில் கலந்த எலுமிச்சைப்புல் அல்லது கொழுப்பு அமிலத் தயாரிப்பு. கால் ஈக்குக் கால்களிலும் அடிவயிற்றிலும், கொம்பு ஈக்கு முதுகிலும் விலாவிலும் தடவினால் போதும். முழு உடம்பையும் குளிப்பாட்டுவது எண்ணெயை வீணாக்குவது. தோல் கழலை நோய் சுற்றுவட்டாரத்தில் பரவும்போது மட்டும் கணக்கு மாறும். அந்த வைரஸைக் கடி ஈயும் கொசுவும் உண்ணியும் சுமந்து வரும், ஓரிரு மணி நேரக் காவல் அதற்குப் போதாது. தடுப்பூசிதான் முதலில், விரட்டி அதற்கு மேல் ஒரு துணை.

உண்ணி கொஞ்சமாக இருந்தால், எண்ணிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும், அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஊதியிருக்கும் பெண் உண்ணிகளைக் காலையில் எண்ணிக் குறித்து வையுங்கள். வாரம் ஒரு முறை அதே பக்கம், அதே நேரம். வேம்பு–புங்கக் கலவையோ அரைத்த கலவையோ, எதை எடுத்தாலும் நான்கைந்து வாரத்தில் எண்ணிக்கை இறங்கு முகமாக இருக்க வேண்டும். கூடவே சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்து, தரையோரம் சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணிக் கூட்டத்தின் பெரும்பகுதி எப்போதும் மாட்டின் மேல் அல்ல, தரையிலும் சுவரிலும் புல்லிலும்தான் இருக்கிறது. கோழி இருந்தால் கொட்டகைக்குள் மேயவிடலாம், விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்னும். கையால் பிடுங்குவதும் மோசமான யோசனை இல்லை, ஆனால் விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

இரண்டு விரட்டிகளில் எது மேல் என்று உங்களுக்கே தெரிய வேண்டுமானால், எல்லா மாட்டுக்கும் ஒன்றையே தடவிப் பார்ப்பதில் பயன் இல்லை. பருவம் மாறினாலே ஈ குறையும், அந்தப் பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். ஒரே கொட்டகையில் சில மாடுகளுக்கு ஒன்று, சிலவற்றுக்கு மற்றது, ஒன்றிரண்டுக்கு எதுவுமில்லை என்று விட்டு, ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை வாலை வீசுகிறது, காலை உதறுகிறது என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

உண்ணி அப்பிக் கிடக்கிறது, மாடு மெலிகிறது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது என்றால் மூலிகையோடு காத்திருக்கும் நேரம் அல்ல அது. காய்ச்சலோடு காப்பி நிறத்தில் மூத்திரம் போனால் உண்ணி பரப்பும் பபீசியா நோயாக இருக்கலாம், முன்தொடைப் பக்கத்திலும் காதடியிலும் நெறி கட்டியிருந்தால் தைலீரியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவர் வந்தாக வேண்டும். அவர் அமிட்ராஸோ ஐவர்மெக்டினோ வேறெதுவோ தரும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கறவை மாட்டுக்குப் போடலாமா, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும், இந்தப் பகுதி உண்ணி அந்த மருந்துக்கு இன்னும் கேட்கிறதா. நீல உண்ணி உலகில் பல இடங்களில் முக்கியமான மருந்து வகைகள் பெரும்பாலானவற்றையும் தாங்கப் பழகிவிட்டது, கூடுதல் அளவு போட்டு அதை வெல்ல முடியாது. கடைசி ஓரிரு வாரத்தில் எந்த எண்ணெய், என்ன அளவில் தடவினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல், முதுகில் ஊற்றும் வகை மருந்தை விட்டால் அது சரியாகப் பரவாது, அதனால் மாட்டைக் கழுவி முழுதாகக் காயவிட்டு அடுத்த நாள் போடச் சொல்வார்.